பதினெட்டாவது நெற்றி

கிட்ட வாங்க, கண்ணுகளா. வாசலோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது ஏற்றியிருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கதை நடுவில் குழம்பு தீய்ந்தால் என்னைச் சொல்லக் கூடாது. இன்றைக்கு நான் சொல்லப் போவது ஒரு பாட்டரி காணாமல் போன கதை. இதில் யாரும் சாக மாட்டார்கள், கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரே ஒரு மனிதனுக்கு வேலையும் வீடும் போய்விடுமோ என்கிற நிலைமை வரும். அவனுக்காகக் கொஞ்சம் கவலைப்படுங்கள், அது போதும்.

அறுபத்தாறாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை.

பம்பாயில் வடாலா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மீனாட்சியம்மாளுக்கு ஒரு பாட்டரிக் கடை இருந்தது. டாக்சிக்காரர்களின் செத்த பாட்டரிக்கு உயிர் கொடுப்பது அவள் தொழில். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பழக்கம். புருஷன் துறைமுகத்தில் வேலை. கரண்ட் என்றால் அவருக்குப் பயம், கடைப்படி ஏற மாட்டார். ஆகவே கடைக்கு அவளும் கையாள் பூலோகமும்தான். பூலோகத்துக்கு நாற்பது வயது. பாட்டரி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது. வாய் மட்டும் இறங்கவில்லை.

அன்று காலை இரண்டு பேரும் நின்றது செம்பூரில், ஒரு கம்பெனி காலனியின் தகரக் கொட்டகையில். எதிரே புல் வெட்டும் மிஷின். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப் போனது. மேலே உட்கார்ந்து ஓட்டலாம். கயிறு சுற்றி இழுக்க வேண்டாம். சாவியைத் திருப்பினால் மோட்டார் வண்டி மாதிரி செல்ஃப் எடுத்துக் கிளம்பும். அதற்காக சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டரி உண்டு. உண்டு என்பது புதன்கிழமை வரைக்கும்.

"பூட்டு பூட்டுனபடி இருக்குக்கா," என்றான் வெயிலுமுத்து. நாலு வருஷமாக அந்த மிஷினை ஓட்டுகிறவன். முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் என்று கண்ணே சொன்னது. "நேத்து மத்தியானம் சீட்டத் தூக்குதேன், பாட்டரியக் காணும். இதுதான் இருந்துச்சு."

பாட்டரி இருந்த தட்டில் ஐந்து வெற்றிலை, நுனி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி, மேலே ஒரு கொட்டைப்பாக்கு.

"திருடன் மருவாதி தெரிஞ்சவன்," என்றான் பூலோகம். "சுண்ணாம்புதான் மறந்துட்டான்."

"இது செய்வினை," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

காலனி சூப்பரிண்டெண்ட் வெங்கடராமன். மாட்டுங்காவில் வீடு, தினமும் ரயிலில் வருகிறவர். கொட்டகைக்குள் வெயில் இல்லை. இருந்தும் தலையில் துரைமார் வெயிலுக்குப் போடுகிற ஒரு சோலா தொப்பி, புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார்.

"செய்வினையோ என்னவோ, நேக்குத் தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய துரை புல்லைப் பார்க்க வரார். மத்தியானம் பன்னெண்டுக்குள்ள மிஷின் கிளம்பினாத்தான் வெட்டி முடியும். கிளம்பணும். எடுத்தவன் பேரும் என் மேஜைக்கு வரணும். இல்லேன்னா போலீஸுக்கு எழுதிடுவேன். சாவி இவன்கிட்ட இருக்கு, பூட்டு உடையலை. வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் காலி பண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுத் தொப்பிக்குள் ஒரு விரலை நுழைத்துச் சொறிந்துகொண்டார்.

"சார், இங்கனதான் நெழலா இருக்கே, தொப்பி எதுக்கு?" என்றான் பூலோகம்.

"உன் ஜோலியைப் பார்."

மீனாட்சியம்மாள் தொப்பியை ஒரு தடவை பார்த்தாள். அவர் போன பிறகு தட்டின் பக்கம் குனிந்தாள். தட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. பையிலிருந்து ஆப்ப சோடாப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பொடி சுர்ரென்று நுரைத்தது.

"ஆசிட் பொடி. வெயிலுமுத்து, பாட்டரியில வயரு மாட்டுற ரெண்டு கொம்புலயும் இது பூத்திருந்துச்சா?"

"ஆமாக்கா. திருநீறு கணக்கா பூத்திருந்துச்சு. நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

"நல்லதா? வாரம் ஒருக்க சோடாத் தண்ணி விட்டுக் கழுவி, தொடச்சு, வாசலின் தடவணும்னு நான் சொல்லியிருக்கேனா இல்லியா?"

"சொன்னிய. திருநீறப் போய் கழுவ மனசு வரலக்கா."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. அன்னத்தாய் புதன்கிழமையே அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. செவ்வாக்கிழமைதான் வருவா."

மீனாட்சியம்மாள் வெற்றிலையைக் கையில் எடுத்தாள். "ஏல பூலோகம், அஞ்சு வெத்தலையும் கொட்டப்பாக்கும் வச்சு எதுக்கு அழைப்போம்?"

"எங்க பக்கம்னா கோயில் கொடைத் திருவிழாவுக்கு."

"அப்ப எடுத்தவங்க திருடல. கொடைக்கு வான்னு பாட்டரிய அழைச்சிட்டுப் போயிருக்காங்க. கொடைன்னா நம்ம ஜனம், நம்ம ஜனம்னா தாராவி."

"தாராவில இந்த மாசம் ஏழு கொடை நடக்குக்கா. எந்தச் சந்துன்னு போவோம்?"

"யோசி. சாமி பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு. அதுல தானா வெள்ளைப் பொடி பூக்குது. நம்ம ஆளு அத என்ன செய்வான்?"

"நெத்தியில பூசுவான்."

"பூசுனா?"

"அரிக்கும்."

"அரிச்சா?"

பூலோகம் பையைத் தோளில் போட்டான். "கம்பவுண்டர் ஹமீது பாய்."

*

தாராவி மெயின் ரோட்டில் ஒரு டாக்டரின் மருந்துக்கடைக்கு ஹமீதுதான் கம்பவுண்டர். டாக்டர் எப்போதாவது வருவார். ஹமீது எப்போதும் இருப்பார். மேலப்பாளையத்துக்காரர். பம்பாய்க்கு வந்து இருபது வருஷத்தில் பாதி பேச்சு இந்தி ஆகிவிட்டது.

"வாங்கம்மா. என்னா நோவு?"

"எனக்கில்ல பாய். நெத்தி கேஸ் ஏதாவது வந்துச்சா?"

ஹமீது கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். "அரே, உங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து காலையிலேர்ந்து நெத்தி, நெத்தி, வெறும் நெத்திதான். பதினேழு பேரு. மூணு கோடு போட்டாப்புல செவந்து கெடக்கு. ஒருத்தன் நெஞ்சுலயும் பூசிட்டு வந்தான், ரெண்டு கையிலயும். அவன் ரொம்ப பக்தி."

"எல்லாம் எந்தச் சந்து?"

"ஒரே சந்து. குழாயடிக்குப் பின்னால, பேராச்சி கொடை எடுக்குறாங்கல்ல, அங்க. பதினெட்டாவதா ஒரு களிம்பு டியூபு போச்சு, ஆனா அந்த ஆளு வரல. மாட்டுங்கால பாத்திரம் தேய்க்கிற தங்கத்தாய் வந்து, 'எங்க ஐயாவுக்கு'ன்னு வாங்கிட்டுப் போச்சு. வெளிய வர வெக்கப்படறாராம்."

"மாட்டுங்காவுலயா?" என்று கேட்டுவிட்டு மீனாட்சியம்மாள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று பூலோகத்துக்குப் புரியவில்லை. "பாய், ஊசி மருந்துக்கு வச்சிருக்கீங்கள்ல, டிஸ்டில் வாட்டர், அதுல நாலு புட்டி குடுங்க."

"யாருக்கு ஊசி?"

"பாட்டரிக்குத் தாகம்."

*

குழாயடிச் சந்தில் பந்தல், தோரணம், கமுகம்பூ. பந்தலுக்குள் எல்லைக்காத்த மாடசாமிக்கு மண்ணில் பீடம் பிடித்திருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. பலகை மேல் பாட்டரி.

எப்படிப்பட்ட பாட்டரி என்கிறீர்கள்? கழுத்தில் அரளி மாலை. இடுப்பில் பச்சைப் பட்டு ரிப்பன். இரண்டு கொம்பிலும் வெள்ளை பூத்து, நடுவில் சந்தனப் பொட்டு. பிடியில் மஞ்சள் கயிற்றில் காப்பு. சுற்றிலும் ஜனம், நெற்றியைச் சொறிந்துகொண்டு. கொடை நடத்தும் பேராச்சி தட்டில் சூடத்தைக் கொளுத்தி, பாட்டரியின் முகத்துக்கு நேரே காட்டப் போனாள். ஆறு மூடியும் திறந்து கிடந்தன.

மீனாட்சியம்மாள் ஐம்பது வயசிலும் பாய்ந்தாள். தட்டைப் பிடுங்கி, சூடத்தை மண்ணில் கவிழ்த்துக் காலால் மிதித்தாள்.

சுற்றி நின்ற ஜனம் நெற்றியைச் சொறிவதை நிறுத்தியது.

"சாமிக்குக் காட்டுன சூடத்த மிதிச்சிட்டாளே," என்றாள் பேராச்சி, மெதுவாக. நெட்டை உருவம்; தோல் பட்டறையில் நாற்பது ஆம்பளைகளை வேலை வாங்குகிறவள். கொடைக்கும் அவள்தான் தலைவி. "யாரு இவ?"

"பாட்டரி டாக்டரம்மா," என்றான் பூலோகம். "இந்த மூடி வழியா வாயு வரும். நெருப்பக் காட்டுனா மாடசாமி இருப்பாரு, நாம இருக்க மாட்டோம்."

இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். பால் அபிஷேகத்துக்குச் சொம்போடு நின்ற ஒருவன் சொம்பைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"யாரு இத இங்கன கொண்டு வந்தது?" என்றாள் மீனாட்சியம்மாள்.

கூட்டத்தில் ஒரு பெண் முன்னால் வந்தாள். கையில் காப்பு, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. பூலோகம் அந்தக் கொத்தைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"நாந்தான். செம்பூர் வெயிலுமுத்து வீட்டுக்காரி, அன்னத்தாய்."

"யக்கா," என்றான் பூலோகம், "'மச்சினன் வீடு எங்கல'ன்னு காலையில ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஹமீது பாய் வரைக்கும் நடந்த செருப்பு மிச்சம்."

"வாய மூடு," என்றாள் மீனாட்சியம்மாள். அவளுக்கும் அது உறைத்திருந்தது.

அன்னத்தாய்க்கு விஷயம் தெரியாது. வெயிலுமுத்துவின் மேல் திருட்டுப் பழி விழுந்திருக்கிறது என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் சிவனாண்டிக்கு மைக் செட்டு. அவன் பாட்டரி படுத்துக்கிட்டுது. பாட்டு இல்லாம கொடையா? மிஷின ஞாயித்துக்கிழமைதான எடுப்பாவ, வெள்ளிக்கிழம திருப்பி அனுப்பிரலாம்னு, வீட்டுல கெடந்த மாத்துச் சாவியால கொட்டகையத் தெறந்து, புதன்கிழம அவன விட்டுத் தூக்கிட்டு வந்தேன். எனக்கு விரதம், அவிய மொகத்துல முழிக்கக் கூடாது, பேசக் கூடாது. அதான் வெத்தல பாக்கு வச்சு முறையாச் சொல்லிட்டு வந்தேன்."

"அவன் அதப் பாத்துட்டு அழுதுகிட்டிருக்கான்."

"புதன்கிழம ராவு தொடச்சுதான் வச்சோம். வியாழக்கிழம விடிய பாக்கோம், ரெண்டு கொம்புலயும் திருநீறு தானா பூத்திருக்கு. பேராச்சி மைனி காப்புக் கட்டிட்டாவ. காப்புக் கட்டுனது செவ்வாக்கிழம வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. அதும் தாண்டக் கூடாது, நானும் தாண்டக் கூடாது. நான் என்ன செய்ய?"

"இது திருநீறு இல்ல தாயி," என்றாள் மீனாட்சியம்மாள். "ஆசிட்டு வேர்த்து உப்பாப் பூத்திருக்கு. விஷம். ஆரும் வாயில போட்டிராதிய. அதான் நெத்தி அரிக்குது."

"சாமி கோவிச்சுக்கிட்டு அரிக்குதுன்னுல்லா நெனச்சோம்," என்றாள் பேராச்சி. "கோவம் தணியட்டும்னு இன்னும் ரெண்டு கோடு சேத்துப் பூசுனோம்." அவள் நெற்றி தக்காளியாக இருந்தது. "ஆசிட்டோ உப்போ, காப்புக் கட்டியாச்சு. எல்ல தாண்ட விட மாட்டேன். ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை, கண்ணுகளா. ஒரு ஊருக்குப் பொறுப்பானவள் அப்படித்தான் பேசுவாள். மீனாட்சியம்மாளுக்கும் அது தெரியும். சண்டை போடாமல் பலகையோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மைனி, ஊருன்னா எது? எதுவரைக்கும் எல்ல?"

"இது தெரியாதாக்கும். எந்தெந்த வீட்டுப் பானை சாமிக்குப் பொங்குதோ, அந்த வீடெல்லாம் ஊரு. கடேசிப் பானை வீட்டு வாசல்தான் எல்ல."

"வெயிலுமுத்து வீட்டுப் பானை உண்டா?"

பேராச்சி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பானைகளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது பானையில் சுண்ணாம்பால் வெயிலுமுத்துவின் பெயர் எழுதியிருந்தது. அன்னத்தாய் புதன்கிழமையே கொண்டு வந்து வைத்தது.

"உண்டு."

"அவன் வீடு எங்க?"

பேராச்சி அன்னத்தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"செம்பூரு," என்றான் பூலோகம். "மைனி, ஒங்க ஊரு ரயிலு போற தூரம் இருக்கு."

"நடுவுல வடாலா இருக்கே," என்றாள் பேராச்சி, விடாமல்.

"அதுக்குப் பக்கத்துல என் வீட்டுப் பானையும் வச்சுக்கிடுங்க," என்றாள் மீனாட்சியம்மாள். "வடாலாவும் சேந்துச்சு. சிவனாண்டிக்கு என் கடையிலேர்ந்து நல்ல பாட்டரி ஒண்ணு வரும், பாட்டு நிக்காது."

கூட்டம் பேராச்சியின் முகத்தைப் பார்த்தது. அவள் நெற்றியைச் சொறிந்தாள். "ஞாயமாத்தான் படுது. ஆனா சாமி உத்தரவு குடுக்கணும்."

உத்தரவுக்கு எங்கே போவது? மீனாட்சியம்மாள் தன் வேலையைப் பார்த்தாள். முதலில் மூடி ஆறையும் இறுக்கித் திருகினாள், சோடா உள்ளே போனால் பாட்டரி கெடும். சொம்புத் தண்ணீரில் ஒரு கை ஆப்ப சோடாவைக் கரைத்தாள். இரண்டு கொம்பின் தலையிலும் மெல்ல ஊற்றினாள்.

இரண்டு நாளாகச் சேர்ந்திருந்த வெள்ளை அவ்வளவும் ஒரே நேரத்தில் நுரைத்தது. சுர்ரென்று எழும்பி, கொம்பை மூடி, ரிப்பனைத் தாண்டி, பலகையின் கிழக்கு ஓரமாக வழிந்தது.

"பொங்கிருச்சு," என்றாள் யாரோ.

"கெழக்காப் பொங்கிருச்சு," என்றாள் இன்னொருத்தி.

அடுத்த நிமிஷம் சந்து முழுக்கக் குலவை. சிவனாண்டி மேளக்காரர்களைத் தட்டி எழுப்பினான்.

"மைனி, அது ஆசிட்டும் சோடாவும் சேந்த நுரை," என்றாள் மீனாட்சியம்மாள். பொய் சொல்லிக் காரியம் சாதிக்க அவளுக்கு வராது.

"இருக்கட்டுமே. ஆசிட்டு பொங்குனா என்ன, அரிசி பொங்குனா என்ன? பொங்குச்சா இல்லியா?" பேராச்சி சேலையை வரிந்து கட்டினாள். "பாட்டரி கெளம்பட்டும். ஆனா காப்புக் கட்டுனது தனியாப் போவக் கூடாது. குடையும் மேளமும் கூட வரும்."

மிச்சமிருந்த சோடாத் தண்ணீரில் பதினேழு நெற்றிகளும் வரிசையாக நின்று கழுவிக்கொண்டன. பேராச்சியுடையது பதினேழில் முதலாவது.

*

அன்று மாலை பாட்டரி வடாலாக் கடைக்கு வந்தது. ஆறு மூடியையும் திறந்து, கண்ணாடிக் குழலை விட்டு ஆசிட்டைப் பார்த்தாள் மீனாட்சியம்மாள். மைக் செட்டு பாடியே பாட்டரியை வற்ற அடித்திருந்தது. தகடு நனைகிற அளவுக்கு டிஸ்டில் வாட்டர் விட்டு, மூடியைத் திறந்தே வைத்து, மெதுவாகச் சார்ஜ் போட்டாள். அவசரப்பட்டுச் சார்ஜ் ஏற்றினால் பாட்டரி கொதித்துப் போகும். அவசரச் சோறும் அப்படித்தான்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வடாலா ஸ்டேஷனில் செம்பூர் பக்கம் போகிற ரயில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் முதலில் ஒரு குடை ஏறியது. குடைக்கடியில் பூலோகத்தின் தோளில் பாட்டரி. பின்னால் பேராச்சி, இரண்டு மேளம், ஒரு நாகசுரம். கடைசியாக முக்காட்டோடு அன்னத்தாய்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். "யே க்யா ஹை?"

"பாட்டரி, சாப்."

"மாலை எதுக்கு?"

"அதுக்கு விரதம், சாப்," என்றான் பூலோகம் இந்தியில். "செவ்வாக்கிழமை வரைக்கும் கவிச்சி தொடாது."

அவர் பாட்டரியைப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். பேராச்சியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, பாட்டரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். போகிறவரிடம், கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லி மீனாட்சியம்மாள் கத்தினாள். மேளச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

*

பதினொன்றே முக்காலுக்குக் கொட்டகைக்குள் பாட்டரி அதன் தட்டில் ஏறியது. மீனாட்சியம்மாள் வயரை மாட்டி முறுக்கினாள். ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வெயிலுமுத்து குடைக்குப் பின்னால் தெரிந்த சேலைக் கரையைப் பார்த்தான். விஷயம் முழுவதும் அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பூலோகண்ணே," என்றான் மெதுவாக, "அவகிட்ட கேளுங்க. சாவிய எடுத்தா ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கப்பிடாதா?"

"அவியகிட்ட சொல்லுங்கண்ணே," என்றது குடை. "எனக்கு எழுதத் தெரியாது, அவியளுக்குப் படிக்கத் தெரியாது."

"ரெண்டு பேருக்கும் வெத்தல போடத் தெரியும்," என்றான் பூலோகம்.

வெங்கடராமன் தொப்பியோடு வந்து நின்றார். மேளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "கிளப்பு."

வெயிலுமுத்து சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். டக்.

"பத்து நிமிஷம் இருக்கு," என்றார் வெங்கடராமன்.

மீனாட்சியம்மாள் பாட்டரியில் குழலை விட்டுப் பார்த்தாள். நிறைந்த குடமாக இருந்தது. கொம்பு இரண்டும் சுத்தம். மைனஸ் கொம்பிலிருந்து போகிற வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது மிஷினின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைக் கழற்றினாள். வயருக்கும் இரும்புக்கும் நடுவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ரூபாய்க் கனத்துக்குக் காய்ந்த பொருக்கு.

"இது என்னது?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்தான். "ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன்க்கா. மேல வச்சா கழுவுனா போயிருது. அதான் போல்ட்டக் கழத்தி, உள்ள வச்சு முறுக்குனேன். நாலு வருசமா."

"நாலு பொட்டு, ஒண்ணு மேல ஒண்ணா," என்றான் பூலோகம். "கரண்டு வந்து எட்டிப் பாத்துட்டு, கோயில்னு நெனச்சு செருப்பக் கழத்திப் போட்டுட்டு வெளியவே நின்னுருக்கும்."

இப்போது விளங்கிற்று. கரண்ட் சரியாகப் போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை. நாலு வருஷப் பக்தியில் பாட்டரி இளைத்துப் போயிருந்தது; புதன்கிழமை பாட்டரியைக் கழற்றியபோது வயர் அசைந்து, இருந்த கொஞ்சநஞ்சத் தொடுப்பும் விட்டுப்போயிருந்தது. மீனாட்சியம்மாள் கத்தியால் சந்தனத்தைச் சுரண்டினாள், உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்தாள், வயரை வைத்து முறுக்கினாள். அதற்கு மேல் வாசலின் தடவினாள். "பொட்டு வைக்கணும்னா சீட்டுக்கு வை. சீட்டுல கரண்டு போவாது."

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பேராச்சி குலவை போட்டாள். நாகசுரக்காரர் அவர் பாட்டுக்கு மல்லாரி எடுத்தார். வெயிலுமுத்து சீட்டில் உட்கார்ந்தபடியே அழுதான்.

"நிறுத்துங்கோ," என்றார் வெங்கடராமன். மேளம் நின்றது. "மிஷின் கிளம்பினது சரி. பாதிதான் ஆச்சு. எடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்கோ, எழுதணும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

குடைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அன்னத்தாய் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பெயர் எழுதப்பட்டால் அவள் மட்டுமா போவாள்? அவன் வேலையும், அவர்கள் படுத்து எழுந்த அந்த ஒரு அறையும் கூடவே போகும்.

"சொல்லுதேன்," என்றாள் மீனாட்சியம்மாள். "அதுக்கு முன்னால, தொப்பியக் கொஞ்சம் கழத்துங்க சார்."

"எதுக்கு?"

"ஹமீது பாய்கிட்ட பதினேழு நெத்தி வந்துச்சு. பதினெட்டாவது டியூபு மாட்டுங்காவுக்குப் போச்சு. தங்கத்தாய் உங்க வீட்டுலதான பாத்திரம் தேய்க்கா?"

வெங்கடராமன் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு, சூட்டுக்கோலால் இழுத்தது போல.

"எங்காத்து விசாலாக்ஷி பண்ணின வேலை," என்றார். குரல் இறங்கிவிட்டது. "தங்கத்தாய் வியாழக்கிழமை கார்த்தாலே பொட்டலத்தில் கொண்டு வந்து குடுத்தா. மகா சக்தியாம், தானா பூக்கிறதாம். ஆத்துக்காரி பூசி விட்டுட்டா."

"ஒரு நாள் பூசுனா இப்படி வராதே சார்."

வெங்கடராமன் பேனா மூடியைத் திருகினார், கழற்றினார், திருகினார். "வியாழக்கிழமை மத்தியானம் பாட்டரி காணும்னு ஆயிடுத்து. வெள்ளிக்கிழமையும் பூசிண்டேன். இன்னிக்குக் கார்த்தாலேயும் பூசிண்டேன்."

"எதுக்கு?"

"பாட்டரி கிடைக்கணும்னு வேண்டிண்டு."

பேராச்சி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பாட்டரிகிட்டயே பாட்டரியக் கேட்டிருக்காரு," என்றான் பூலோகம். "பாவம், அதுவும் இல்லன்னு சொல்லாம வந்துருச்சு."

"எடுத்தவங்க பேர எழுதுங்க சார்," என்றாள் மீனாட்சியம்மாள், மரியாதையாக. "கூடவே அதுல பங்கு வாங்குனவங்க பேரையும் எழுதணும். பதினெட்டு. கடேசிப் பேருக்கு எழுத்துக்கூட்டி நான் சொல்ல வேண்டாம்."

வெங்கடராமன் பேனா மூடியை மறுபடி கழற்றினார். பின் காகிதத்தைத் தொடை மேல் வைத்து எழுதினார். எழுதியதைத் தானே உரக்கப் படித்தார்: "மேற்படி பாட்டரி பராமரிப்புக்காக வெளியே அனுப்பப்பட்டு, குறித்த நேரத்தில் திரும்பி வந்தது."

"அவியகிட்ட சொல்லுங்கண்ணே," என்றது குடை. "புல்ல நல்லா வெட்டச் சொல்லுங்க."

வெயிலுமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினைப் புல்வெளிக்கு ஓட்டிப் போனான். சீட்டுக்கு அடியில் காப்புக் கயிறு ஆடிக்கொண்டே போனது. செவ்வாய்க்கிழமை பேராச்சி செம்பூருக்கே வந்து அவிழ்ப்பதாகப் பேச்சு. வெங்கடராமன் மீனாட்சியம்மாளின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "ஏம்மா, அந்த சோடா இன்னும் மீதி இருக்கா?"

இருந்தது. அவளே கரைத்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் எது கிளம்ப வேண்டுமோ அது முதல் திருப்பிலேயே கிளம்பட்டும். பேசாமல் இருக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு பூலோகம் வந்து சேரட்டும். உங்கள் பானை கிழக்காகப் பொங்கட்டும், உங்கள் வாசல் எத்தனை ஸ்டேஷன் தள்ளி இருந்தாலும் அது ஊருக்கு உள்ளேயே இருக்கட்டும். பூசுகிற நெற்றி எல்லாம் குளிர்ந்து இருக்கட்டும்.